வயசக் குறைச்சு சொன்னா பூனைக்கு வீடு கிடைச்சிடுமா?

கேள்வி, ஜூன் 2

வாரக் கடைசில ஒரு ஷெல்டர்ல போய் கூடமாட வேலை பாக்குறேன். அங்க ஒரு பெண் பூனை, 11 வயசு, வளத்தவங்க வீடு மாறிப் போறப்ப விட்டுட்டுப் போனது. அஞ்சு மாசமா கூண்டுலயே கிடக்கு. வர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை வயசுன்னுதான், சொன்னதும் பக்கத்து கூண்டுக்கு நகந்துடறாங்க. பாத்தா 11 மாதிரி தெரியவே தெரியாது. 7ன்னு சொல்லி குடுத்துட்டா என்ன தப்பு? ஒரு வீட்டுக்குப் போய்ச் சேந்து பாசம் வந்துட்டா அப்புறம் யாரு வயசப் பாக்கப் போறாங்க.

ஜூன் 2, ராத்திரி 11.10

வேண்டாங்க.

முதல் தடவ டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறப்பவே சந்தேகம் வந்துடும். வாயத் தொறந்து பல்லப் பாப்பாங்க, கண்ணுல லைட் அடிப்பாங்க, முதுகுத் தண்டத் தடவிப் பாப்பாங்க. பல்ல வச்சு வயசு சொல்றது குத்துமதிப்புதான், ஆனா அந்தக் குத்துமதிப்பே உங்க 7 மேல கேள்வி கேக்க வச்சிடும்.

என்கிட்ட கொஞ்ச நாள் ஃபாஸ்டரா, அதாவது வீடு கிடைக்கற வரைக்கும் தற்காலிகமா, ஒரு கிழட்டு ஆண் பூனை இருந்தான், பேரு குட்டி. எங்களுக்கும் அவன் வயசு சரியாத் தெரியாம 8 இருக்கும்னு சொல்லிக் குடுத்தோம், ஒன்பதாவது நாள் திரும்பி வந்துட்டான். அந்தக் கதை பெருசு, தூக்கம் வருது, நாளைக்கு எழுதுறேன்.

ஜூன் 3, காலைல

கதைக்கு முன்னாடி உங்க பூனைக்கு உடனே செய்ய வேண்டியது ரெண்டு. அஞ்சு மாசம் கூண்டுல இருக்குன்னு சொன்னீங்கள்ல, உள்ள ஒளிஞ்சுக்க ஏதாவது இருக்கா? இல்லன்னா இன்னிக்கே ஒரு அட்டைப்பெட்டி போடுங்க, சும்மா ஒரு பக்கம் ஓட்டை போட்டு. 2014ல நெதர்லாந்துல இதையே சோதிச்சுப் பாத்தாங்க, ஷெல்டருக்குப் புதுசா வந்த 19 பூனைல 10க்குப் பெட்டி குடுத்து 9க்குக் குடுக்காம விட்டாங்க. பெட்டி கிடைச்சதுங்க சீக்கிரமா சகஜமாயிடுச்சு, ஆள் கிட்ட வந்தாலும் அவ்ளோ மிரளல. பெட்டி வச்சா மூஞ்சியே காட்டாம உள்ளயே கிடக்கும், அப்புறம் யாரு எடுப்பான்னு எங்க ஷெல்டர்ல ஒரு அண்ணன் சண்டைக்கு வருவாரு. ஒளிய எடம் இல்லாத பூனை மூலைல முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கும், அதப் பாத்து யாரு எடுப்பாங்கன்னு நான் திருப்பிக் கேப்பேன்.

ரெண்டாவது, ப்ளட் டெஸ்ட். கிரியாட்டினின் நார்மல்னு வந்துட்டா கிட்னி நல்லா இருக்குன்னு தைரியமா எழுதிடலாம்.

ஜூன் 3, மதியம்

மேல கிரியாட்டினின் பத்தி எழுதினத அப்படியே நம்பாதீங்க, காலைல அவசரத்துல அடிச்சது. கிட்னியோட வேலைல முக்கால்வாசி போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறித் தெரியும்னு எங்க டாக்டர் என்னையத் திட்டினதே இருக்கு, அது எப்படி மறந்துச்சோ. கூடவே எஸ்டிஎம்ஏன்னு ஒரு டெஸ்ட், அது கொஞ்சம் முன்கூட்டியே காட்டிக் குடுக்கும், அப்புறம் சிறுநீர் அடர்த்தி, பிபி, தைராய்டு. பூனைக்கு பிபியான்னு சிரிக்காதீங்க, பிபி எகிறி ராத்திரியோட ராத்திரியா பார்வை போன பூனைய நான் பாத்திருக்கேன். நல்லா சாப்பிட்டுக்கிட்டே இளைச்சுக்கிட்டும் போகுதுன்னா தைராய்டு ஞாபகம் வரணும். பத்து வயசு தாண்டினா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ காட்டுறது நல்லது.

அப்புறம் வயசு. 2021ல அமெரிக்க வெட்னரி சங்கங்க ரெண்டு சேந்து போட்ட கைட்லைன்ல 7லருந்து 10 வரைக்கும் நடுவயசு, 10க்கு மேலதான் சீனியர். அந்தக் கணக்குல உங்காளு இப்பதான் ரிட்டயர் ஆகியிருக்கா. வீட்டுக்குள்ளயே வளர்ற பூனை 15, 16ன்னு போறது சாதாரணம். கின்னஸ்ல இருக்கற க்ரீம் பஃப்னு ஒரு பூனை 1967ல பொறந்து 2005 வரைக்கும், 38 வருஷம் மூணு நாள் இருந்துச்சு. அதெல்லாம் கோடில ஒண்ணு, எடுக்க வர்றவங்ககிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்க.

ஜூன் 4, ராத்திரி

சரி குட்டி கதை.

சாம்பல் கலர், வலது காது நுனி கிழிஞ்சிருக்கும், நடந்து வந்தா ரிட்டயர்டு போலீஸ்காரர் மாதிரி இருக்கும். வளத்த பெரியவர் இறந்து போய், பசங்க ஷெல்டர்ல கொண்டுவந்து விட்டுட்டாங்க. கூண்டுல சாப்பிடலன்னு எனக்குக் குடுத்தாங்க.

முதல் கூத்து பேருல வந்துச்சு. "குட்டிக்கு வீடு தேவை"ன்னு போட்டோ இல்லாம ஒரு மெசேஜ் அனுப்பிட்டேன், அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இருபது போன். எல்லாரும் கேட்ட கேள்வி, கண்ணு தொறந்துடுச்சா, பால் குடிக்குதா. "இல்லைங்க, அவன் பேருதான் குட்டி, ஆள் அஞ்சரைக் கிலோ"ன்னு சொன்னதும் ஒரு ரெண்டு செகண்ட் அமைதி, அப்புறம் "யோசிச்சு சொல்றேன்". பேர மாத்திடலாம்னு ராஜா, தாத்தான்னு எல்லாம் கூப்பிட்டுப் பாத்தோம், திரும்பிக்கூடப் பாக்கல. பூனைங்க தன்னோட பேர மத்த வார்த்தைலருந்து பிரிச்சுக் கேக்கும்னு ஜப்பான்ல 2019ல கண்டுபிடிச்சு எழுதியிருக்காங்க, ஆனா கேக்குறதும் வர்றதும் வேற வேற. இவனுக்கு உண்மையான பேரு டின் தொறக்குற சத்தம்.

அப்புறம் ஒரு குடும்பம் வந்துச்சு. ரெண்டு சின்னப் பசங்க, ரொம்ப நல்லவங்க. 8 வயசுன்னு சொன்னேன். பசங்க கயித்தக் கட்டி இழுத்து விளையாடக் கூப்பிட்டா இவன் பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்குவான். மூணாவது நாள் பெட்ல ஒண்ணுக்குப் போயிட்டான். அடுத்த நாள் சோஃபால. வீம்புக்குப் பண்றான்னு நினைச்சிருக்காங்க. அவங்க வச்சிருந்த லிட்டர் பாக்ஸ், அதான் பூனை ஒண்ணுக்குப் போற மணல் பெட்டி, முழங்கால் உயரம், மூடி போட்டது, பாவம் நல்லதாப் பாத்துதான் வாங்கியிருக்காங்க. இவனுக்கு இடுப்பு மூட்டு தேஞ்சு போச்சு, காலத் தூக்கி உள்ள வைக்கவே வலி. 12 வயசுக்கு மேல இருக்கற பூனைங்க நூறுக்கு எக்ஸ்ரே பாத்ததுல 90க்கு மூட்டுத் தேய்மானம் இருந்துச்சுன்னு 2002லயே வந்திருக்கு. நொண்டாது, கத்தாது, தாவுறத நிறுத்திக்கும், அவ்ளோதான் வெளிய தெரியும். 8 வயசுன்னு சொல்லிக் குடுத்த பூனைக்கு மூட்டுவலி இருக்கும்னு யாருக்குத் தோணும்? டாக்டர்கிட்ட போனாங்க, அவர் "இது 12க்குக் குறையாது"ன்னு சொல்ல, அன்னிக்கே கொண்டுவந்து விட்டுட்டாங்க. சின்னப் பொண்ணு அழுதுக்கிட்டே நின்னுச்சு. அந்த அம்மா என்கிட்ட கோபமா எல்லாம் பேசல, "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஜூன் 4, இன்னும் தூக்கம் வரல

திரும்பி வந்தவன் கட்டிலுக்கு அடில போய் ரெண்டு நாள் பச்சத்தண்ணி தொடல. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கிடந்தா கல்லீரல்ல கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும், "பசிச்சா தானா சாப்பிடும்"ங்கற நம்ம கணக்கு பூனைகிட்ட செல்லாது. தூக்கிட்டு ஓடினோம். குமட்டலுக்கு ஊசி, பசிக்கு மருந்து, வெட் ஃபுட்ட லேசா சூடு பண்ணி விரல்ல எடுத்து மூக்குகிட்ட. மூணாவது நாள் நக்கினான்.

ஜூன் 6

ஒண்ணு சொல்லணும். முதல் நாள் "வயசு சரியாத் தெரியாம 8னு சொன்னோம்"னு எழுதினேன்ல. தெரியும். அந்தப் பெரியவரோட பசங்க குட்டிய விட்டப்ப தடுப்பூசி அட்டையும் குடுத்துட்டுத்தான் போனாங்க, முதல் ஊசி தேதி அதுல இருக்கு, கூட்டிப் பாத்தா 12. அத என் மேசை டிராயர்லதான் வச்சிருந்தேன். நீங்க எழுதியிருந்தீங்களே பாசம் வந்துட்டா யாரு வயசப் பாக்கப் போறாங்கன்னு, அச்சு அசல் அதையேதான் நானும் எனக்குச் சொல்லிக்கிட்டேன். உங்க கேள்விக்கு நான் அவ்ளோ வேகமா "வேண்டாங்க"ன்னு அடிச்சதுக்குக் காரணம் அதுதான். அட்டையையும் சேத்துக் குடுத்திருந்தா அவங்க அந்தப் பெட்டிய வாங்கியிருக்கவே மாட்டாங்க, இல்ல, குட்டியவே எடுத்திருக்க மாட்டாங்க, ரெண்டும் நல்லதுதான்.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழிச்சு

லிட்டர் பாக்ஸ் பத்திக் கேட்டிருந்தீங்க. துணி துவைக்கற ப்ளாஸ்டிக் டப்பால ஒரு பக்கம் வெட்டி, வெட்டின விளிம்புல டேப் ஒட்டுங்க, அவ்ளோதான். மணல் மெல்லிசா இருக்கட்டும். ஒரு பூனைக்கே ரெண்டு எடத்துல வைங்க.

ஜூன் 9

வீடு கிடைச்ச கதை.

இந்தத் தடவ எழுதினது இப்படி: "பேரு குட்டி. குட்டி இல்ல, 12 வயசு. கிட்னி ஆரம்பக் கட்டம், அதுக்குத் தனி சாப்பாடு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டெஸ்ட். உயரமா எதுலயும் ஏற மாட்டான், நாற்காலிக்குப் பக்கத்துல ஒரு முக்காலி போட்டா ஏறுவான். விளையாட மாட்டான். தூக்கினா பிடிக்காது, பக்கத்துல உக்காந்தா தானா வந்து தொடைய ஒட்டிப் படுப்பான். காலைல நாலு மணிக்கு ஒரு தடவ வந்து கத்துவான்." கூட போட்டோ, ஜன்னல் வெளிச்சத்துல, நம்ம கண் மட்டத்துக்கு இறங்கி எடுத்தது. கூண்டுக் கம்பிக்குப் பின்னாடி எடுத்த போட்டோவ தயவுசெஞ்சு போடாதீங்க, ஜெயில் போட்டோ மாதிரி இருக்கும்.

இருபது போன் எங்க, மூணு போன் எங்க. மூணுதான் வந்துச்சு.

முதல் ஆள் போன்லயே அழுதாரு. கிட்னி வேறயா, பாவம், இன்னிக்கு ராத்திரியே வந்து தூக்கிட்டுப் போறேன்னாரு. வரல, அப்புறம் போனும் எடுக்கல. அதுலருந்து யாராவது பாவம்னு சொன்னாலே எனக்குக் கொஞ்சம் உதறல்தான். ரெண்டாவது ஒரு ஜோடி, வீட்ல ரெண்டு வயசு நாய், சமாளிச்சுக்கலாம்னாங்க, நானே வேண்டாம்னுட்டேன்.

மூணாவது ஒரு டீச்சரம்மா, ரிட்டயர்டு, 67 வயசு, தனியா இருக்காங்க. கிட்னி பத்திக் கேக்கல, வயசு பத்திக் கேக்கல. "நாலு மணின்னா கரெக்டா நாலா, இல்ல மூணரைக்கே ஆரம்பிச்சுடுவானா?"ன்னு கேட்டாங்க. ஏங்கன்னேன். "நான் நாலு மணிக்கு எந்திரிச்சுடுவேன், இருபத்தஞ்சு வருஷப் பழக்கம், அந்நேரத்துக்குப் பேச்சுத்துணைக்கு யாரும் இல்ல"ன்னாங்க. எனக்கு அங்கயே முடிவாயிடுச்சு. அந்த நாலு மணிக் கத்தல நான் எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சிருந்தேன்.

ஒரு பின்குறிப்பு, வயசான பூனை ராத்திரில புதுசா கத்த ஆரம்பிச்சா அதக் குணம்னு விட்டுடக் கூடாது, தைராய்டு, பிபி, காது கேக்காம போறது, மூளை மங்குறது எதுவா வேணா இருக்கலாம். இவனுக்கு எல்லாம் பாத்தாச்சு, இவனுக்கு வெறும் திமிர்.

ஜூன் 10

67 வயசு ஆளுக்கா குடுத்தீங்கன்னு கேட்டதுக்கு. அதே சந்தேகம் ஷெல்டர்லயும் வந்துச்சு. அந்தம்மாவே முந்திக்கிட்டு "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் அக்கா பையன் எடுத்துக்குவான்"னு அவனக் கூட்டிட்டு வந்து, ஃபார்ம்ல அவன் கையெழுத்தும் வாங்கிக் குடுத்துட்டாங்க. முப்பது வயசுக்காரங்க யாரும் எங்ககிட்ட அப்படி ஒரு ஏற்பாட்டோட வந்ததில்ல. ரெண்டு மாசக் குட்டின்னா அது இருபது வருஷ விஷயம், டீச்சரம்மாவுக்குப் பொருந்தாது. 12 வயசுன்னா கணக்கு வேற.

இங்கிலாந்துல ஃப்ளாஸின்னு ஒரு பூனை, 1995ல பொறந்தது. முதல்ல வளத்தவங்க பத்து வருஷத்துல இறந்துட்டாங்க, அவங்க கூடப் பொறந்த சகோதரி எடுத்து வளத்து, அவங்களும் இறந்து, அப்புறம் அவங்க பையன்கிட்ட மூணு வருஷம். அவரால பாத்துக்க முடியாம 2022ல கேட்ஸ் ப்ரொடெக்‌ஷன்னு அங்க இருக்கற பூனை அமைப்புகிட்ட குடுத்தாரு. அப்ப அதுக்கு 26 வயசு, காது கேக்காது, கண்ணும் மங்கல். அந்த வயசுல அதுக்குப் புது வீடு கிடைச்சது, வீட்டுக்குப் போன பிறகு அந்த நவம்பர்ல கின்னஸ் உயிரோட இருக்கறதுலயே வயசான பூனைன்னு அறிவிச்சது. 26ங்கறத மறைச்சா குடுத்திருப்பாங்க? உங்களுது 11. பச்சக் குழந்தை.

ஜூன் 15

ஆள் கிடைச்சாச்சுன்னு எழுதியிருந்தத இப்பதான் பாத்தேன்! 11ன்னே சொன்னீங்களா, சபாஷ். வீட்ல இருந்தே வேலை பாக்கறவரா, இன்னும் நல்லது.

அவர்கிட்ட சொல்லி விடுங்க. முதல்ல ஒரே ஒரு ரூம், முழு வீட்டையும் சுத்திக் காட்ட வேண்டாம். ஷெல்டர்ல அது படுத்திருந்த துணியத் துவைக்காம அப்படியே கூட அனுப்புங்க, நாத்தம் நமக்கு, அதுக்கு அது விலாசம். சாப்பாட்ட திடீர்னு மாத்தாம பழசுல புதுச கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மாத்தணும். ஜன்னல் கம்பி, பால்கனி எல்லாம் அன்னிக்கே பாத்துடணும், தப்பிச்சுட்டா பதறி ஊரெல்லாம் தேடாம பக்கத்து வீட்டுப் படிக்கு அடி, கார் அடின்னு பாக்கணும், கிடைச்ச பூனைங்கள்ல முக்கால்வாசி 500 மீட்டருக்குள்ளயே கிடைச்சுதுன்னு 2018ல ஒரு கணக்கு வந்துச்சு. மைக்ரோசிப்ல, அதான் தோலுக்கு அடில வைக்கற அடையாளச் சிப், பேரும் நம்பரும் அவரோடதா மாத்தணும், இத எல்லாரும் மறப்பாங்க. வீட்ல லில்லிப் பூ இருந்தா வெளிய, அதோட மகரந்தத்த நக்கினாலே பூனைக்குக் கிட்னி போயிடும். தலைவலி மாத்திரை பாராசிட்டமால் குடுக்கவே கூடாது, வலிக்குதுன்னு பாவம் பாத்து அரை மாத்திரை குடுத்துக் கொன்னவங்க இருக்காங்க.

மூணு நாள், மூணு வாரம், மூணு மாசம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்கள்ல, மூணு நாள் பயம், மூணு வாரத்துல பழக்கம், மூணு மாசத்துல வீடு. அது யாரும் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னது இல்ல, ஷெல்டர்காரங்க வாய்வழக்கு. குட்டி டீச்சரம்மா வீட்ல கட்டிலுக்கு அடிலருந்து வெளிய வரவே பதினொரு நாள் ஆச்சு. அந்தம்மா தரைல உக்காந்து பேப்பர சத்தமாப் படிப்பாங்களாம், அவ்வளவுதான் பண்ணினது. நான் கண்ண மெதுவா மூடித் தொறங்கன்னு சொல்லிக் குடுத்தேன், இங்கிலாந்துல 2020ல அத சோதிச்சு, அப்படிப் பண்ற ஆள்கிட்ட பூனைங்க பதிலுக்குக் கண்ண சுருக்குது, கிட்டயும் வருதுன்னு சொல்லியிருக்காங்க. டீச்சரம்மா ரெண்டு நாள் பண்ணிட்டு, "எனக்குத் தூக்கம்தான் வருது தம்பி"ன்னாங்க.

ஜூன் 16

ஒண்ணு விட்டுட்டேன். புது வீட்டுக்குப் போன டென்ஷன்ல சில பூனைக்கு சிறுநீர்ப்பை வீங்கும். அடிக்கடி போய் உக்காந்து முக்குனா டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. உங்களுது பொண்ணு, அடைப்பு வர்றது ரொம்ப அபூர்வம். ஆண் பூனையா இருந்து ஒரு சொட்டுகூட வரலன்னா விடியற வரைக்கும்கூட வெயிட் பண்ணக் கூடாது.

திருப்பிக் குடுத்தா என்ன பண்றதுன்னு பயமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் இருந்துச்சு. "ஏதாவதுன்னா எந்நேரமும் போன் பண்ணுங்க, பூனைய நாங்களே வந்து எடுத்துக்குவோம்"னு முதல் நாளே சொல்லிடுங்க. அப்படிச் சொல்லலன்னா முடியாதவங்க உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டு எங்கயாவது விட்டுடுவாங்க.

ஜூன் 28

நேத்து டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். குட்டிக்கு இப்ப 14. ஷெல்டர்ல இன்னொரு கிழட்டுப் பூனைய டாக்டர்கிட்ட கொண்டுபோக பெரிய கேரியர், அதான் பூனையத் தூக்கிட்டுப் போற பை, தேவைப்பட்டுச்சு, குட்டிய அனுப்பினப்ப குடுத்தது அங்கதான் இருந்துச்சு, அத வாங்கப் போனேன்.

உள்ள நுழைஞ்சப்ப நாற்காலிக்குக் கீழருந்து வந்து என் கால மோந்து பாத்தான். கன்னத்த ஒரு தடவ தேச்சான். எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு, ஆஹா மறக்கலடான்னு. கொஞ்சம் இளைச்சிருக்கான், முதுகெலும்பு கைக்குத் தெரியுது, கிட்னி ரெண்டாவது கட்டத்துலயே நிக்குதாம். நாற்காலிக்கு ஒண்ணு, கட்டிலுக்கு ஒண்ணு, ஜன்னலுக்கு ஒண்ணுன்னு வீட்ல மூணு முக்காலி இருக்கு. ஜன்னல் முக்காலி மேல பழைய பரீட்சை அட்டை ஒண்ண ஒட்டி, வழுக்காம இருக்க சாக்கு சுத்தியிருக்காங்க.

பேசி முடிச்சுட்டு அவங்க உள்ளருந்து கேரியர எடுத்துட்டு வந்து என் கைல குடுத்தாங்க. அவ்ளோதான். மூட்டு தேஞ்ச கிழவன் அவ்ளோ வேகமா ஓடுவான்னு நான் நினைக்கவே இல்ல. கட்டிலுக்கு அடில கடைசி மூலை. டின் தொறந்து பாத்தோம், வரல. கெஞ்சிப் பாத்தேன், சீறினான், என்னையவே.

வீடு வந்து சேர்றதுக்குள்ள டீச்சரம்மா போன் பண்ணிட்டாங்க. "நீங்க வாசல் கேட்டைச் சாத்தின சத்தம் கேட்டதும் வெளிய வந்துட்டான் தம்பி. நீங்க உக்காந்திருந்த நாற்காலியதான் மோந்துக்கிட்டு இருக்கான். அடுத்த தடவ பையோட வராதீங்க."